வெட்டுகிறவர் கையெழுத்திடவும்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யாரென்று எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இருந்தால் சங்கத்துக்கு அறியத்தரலாம். இதை எழுதும்போது உன் அப்பாவுக்கு வயது பதினேழு. மீசை என்று சொல்லத்தக்க ஒன்று மேலுதட்டில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது. ஆண்டு 1998. இடம் ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடி. செப்டெம்பரில் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுகிறேன். புறப்படுமுன் நான் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டும், அது என் சொந்தக் கையெழுத்தில் இருக்கவேண்டும், நான்கு பக்கத்துக்குக் குறையக்கூடாது, ஆண்டு மலரில் அச்சாகவேண்டும் என்று எங்கள் ஊர்ச்சங்கத்தின் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. கடிதம் யாருக்கு என்று மட்டும் தீர்மானத்தில் எழுத மறந்துவிட்டார்கள். ஆகவே உனக்கு எழுதுகிறேன்.

இதைப் பகிடி என்று மட்டும் நினைத்துவிடாதே. இந்தக் கடிதத்தால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. ஒருநாள் நீ வளர்ந்து நிற்பாய். அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருக்கும். வயிறு முன்னாலும் புத்தி பின்னாலும் போயிருக்கும். நீ எதை வாசிக்கலாம், எதை எழுதலாம், யாரோடு கதைக்கலாம் என்று நான் சட்டம் போடத் தொடங்கியிருப்பேன். அந்த ஆளை எனக்கு இப்போதே பிடிக்கவில்லை. அவருக்கு எதிராக, அவருடைய கையெழுத்திலேயே, உன்னிடம் ஓர் ஆவணம் இருக்கட்டும். தலைநகர் ஒட்டாவாவில் இப்போது பெரியவர்கள் கோட் போட்டுக்கொண்டு இன்ரநெற்றை அரசாங்கம் கட்டுப்படுத்தலாமா கூடாதா என்று விவாதிக்கிறார்கள். அவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் சங்கம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

சங்கத்துக்கு ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. கட்டியவன் நான். சம்பளம் ஒரு கொத்துரொட்டியும், கூட்டங்களில் "எங்கடை கொம்பியூட்டர் தம்பி" என்ற பட்டமும். அந்தப் பக்கத்தில் தலைவரின் வாழ்த்துச் செய்தி இருந்தது, ஒருவரும் வாசிக்கவில்லை. போன வருட இரவு விருந்தின் படங்கள் இருந்தன. அவை திறந்து முடிவதற்குள் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிடலாம். சனம் தேடி வந்ததெல்லாம் ஒரு மூலைக்குத்தான். அது கெஸ்ட்புக். யாரும் வந்து பெயரும் நாலு வரியும் எழுதிவிட்டுப் போகலாம். தமிழ் எழுத்து எல்லோருடைய கொம்பியூட்டரிலும் தெரியாததால் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவார்கள். நோர்வேயிலிருந்து ஒருவர் தன் பள்ளிக்கூடத் தோழனைத் தேடுவார். லண்டனிலிருந்து ஒருவர் மாமியின் மறைவை அறிவிப்பார். சண்டையில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது ஆளுக்கொரு திசையாகப் போனவர்கள், மற்றவர் எங்கே என்று கேட்டு அந்த மூலையில் வரிவரியாக எழுதிவைத்தார்கள்.

எட்டாம் மாடி ராணி அன்ரியும் அப்படி எழுதுவித்தவர்தான். முதியோர் இல்லம் ஒன்றில் சலவை வேலை. ஒரே ஒரு தம்பி. இடப்பெயர்வின்போது பிரிந்தவன், மூன்று வருடமாக ஒரு சொல்லும் இல்லை. போன மாரியில் எங்கள் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, தம்பியின் முழுப்பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முடிந்ததும், "இப்ப உது எங்கை போகும்?" என்று கேட்டார். "உலகம் முழுக்கப் போகும் அன்ரி" என்றேன். "உலகம் முழுக்க வேண்டாம். அவனிட்டைப் போனால் காணும்" என்றார். பிறகு வாரம் ஒருதடவை கீழே இருந்து ஏறி வந்து, "ஏதும் விழுந்ததோ?" என்று கேட்பார். தபால்பெட்டியைக் கேட்பது மாதிரி. நான் இல்லை என்பேன்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். அதே கெஸ்ட்புக்கில் நானும் எழுதினேன், சொந்தப் பெயரில் அல்ல. முதலில் வந்தவர் தோசைத் துரை. இரவு விருந்தில் எங்கள் தலைவர் பாடிய பாட்டைப் பற்றி அவர் கருத்துத் தெரிவித்தார்: "பாட்டுத் தொடங்கும்போது நான் இளைஞன். முடியும்போது என்னை ரொறொன்ரோ பஸ்ஸில் முதியோர் கட்டணத்தில் ஏற்றினார்கள்." அடுத்தநாள் வெங்காயம் வேலாயுதம் வந்து துரையைக் கண்டித்தார்: "தலைவரின் பாட்டைக் குறைசொல்லாதீர், எனக்கு அது பிடிக்கும், உரிக்காமலே கண்ணீர் வருகிறது." பிறகு சட்னி சரவணை இருவருக்கும் நடுவராக வந்தார். இப்படி ஒரு சமையலறையே இறங்கி வந்து சண்டை பிடித்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சங்கத்துக்குச் சங்கடம், எனக்குச் சந்தோஷம். மூன்று பேரும் ஒரே கதிரையில் இருந்து எழுதுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. சிலருக்குச் சந்தேகம் மட்டும் இருந்தது.

சந்தேகப்பட்டவர்களில் முதல் ஆள் செயலாளர் நடராசா அங்கிள். ஊரில் நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டு வாதாடியவர். இங்கே மிசிசாகாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் வாசலில் காவலர்; அங்கேயும் கறுப்புக் கோட்டுத்தான், தோளில் ஒரு பட்டி கூட. அவர் செயற்குழுவில் ஒரு விதி கொண்டுவந்தார். இனிமேல் கெஸ்ட்புக்கில் எழுதுவது நேரே பக்கத்தில் ஏறாது. முதலில் செயலாளருக்கு வரும். அவர் வாசித்துச் சரியென்றால் ஏற்றுவார், சரியில்லையென்றால் வெட்டுவார். பொய்ப் பெயர், பட்டப்பெயர் எதுவும் ஏறாது. தலைவர் இரண்டு கையையும் தூக்கி ஆதரித்தார். அந்த விதியை இணையப் பக்கத்தில் நடைமுறைப்படுத்தும் வேலை யாருக்கு வந்தது என்று நினைக்கிறாய்? பூட்டுச் செய்யச் சொல்லிக் கள்ளனையே கேட்டார்கள். செய்து கொடுத்தேன். ஆனால் வருகிற ஒவ்வொரு செய்தியிலும் ஒரு பிரதி என் மின்னஞ்சலுக்கும் வரும்படி ஒரு சின்னத் துவாரமும் வைத்தேன். வேறொன்றுக்கும் இல்லை, என் துரையையும் வேலாயுதத்தையும் அங்கிள் எந்த அழகில் வெட்டுகிறார் என்று பார்க்கத்தான். அங்கிள் சனிக்கிழமைகளில் மட்டும்தான் கொம்பியூட்டருக்கு முன் இருப்பார். கிழமை முழுக்க வந்ததை ஒரே மூச்சில் வாசிப்பார்.

அதே காலத்தில் வீட்டிலும் ஒரு தணிக்கை நடந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. இன்ரநெற்றுக்குள் போக நான் மொடெம் என்ற பெட்டியைப் போட்டால் அது கீச்சிட்டுக் கரகரத்து உள்ளே போகும். அதன் பிறகு யார் எடுத்தாலும் எங்கள் நம்பர் ஓயாமல் கதைத்துக்கொண்டிருப்பதாகத்தான் கேட்கும். கொழும்பிலிருந்து அப்பாவின் தமக்கை ஒரு பின்னேரம் முழுக்க எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அஜக்ஸில் இருக்கும் சித்தப்பாவுக்கு எடுத்து அழுதிருக்கிறார். அப்பா என்னை ஏசவில்லை. சுவரிலிருந்து மொடெத்துக்குப் போகும் சாம்பல் நிற வயரைக் கழற்றி, சுருட்டி, தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். இரண்டு கிழமைத் தண்டனை. நான் டொலர் கடையில் இன்னொரு வயர் வாங்கினேன். இரண்டாம் நாளே கண்டுபிடித்து அதையும் பையில் போட்டார். பின்னேரங்களில் அந்தப் பை மேசைக்கு வரும்போது என் இன்ரநெற் கத்தரிக்காய்க் குழம்பு மணத்தது. "அப்பா, இது சட்டப்படி சரியோ?" என்று கேட்டேன். "வீட்டுச் சட்டத்தை எழுதினது நான்தான்" என்றார். பாடசாலை நூலகத்தில் பார்க்கலாம் என்றால், அங்கே ஒரு வடிகட்டி போட்டிருந்தார்கள். மின்னஞ்சலைத் திறந்தால் திரையில் ஒரு சிவப்புக் கை எழுந்து நிற்கும். தணிக்கை என்ற சொல் ஏன் கையில் முடிகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. யாருடைய கை என்று மட்டும் அந்தத் திரை சொல்லவில்லை.

இரண்டு கிழமை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா வயரைத் திருப்பித் தந்தார். அம்மா அடுப்படியில் நின்றார். ராணி அன்ரி வாழைக்காய் பொரித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். "பொறுங்கோ அன்ரி, ரெண்டு கிழமைச் சாமான் சேர்ந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டு மொடெத்தைப் போட்டேன். பிரதிகள் இறங்கின. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகையில் ஒன்றைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. யாரோ என்னைக் காப்பியடிக்கிறார்கள்! என் சமையலறைக்குள் என் அனுமதி இல்லாமல் புதிதாக ஒரு பாத்திரம் வந்திருக்கிறது! "அம்மா, இதைக் கேளுங்கோ" என்று, மேடையில் வாசிப்பது மாதிரிக் குரலை உயர்த்தி வாசித்தேன்: "சிரட்டை அக்காவுக்கு, புட்டுக்குழல் எழுதுறன். கொழும்பிலை நிக்கிறன். அடுத்த வெள்ளி வரைக்கும்தான் இந்த லொட்ஜிலை இருப்பன். கீழை இருக்கிற நம்பருக்கு எடு. நீ கிணத்தடியிலை ஒளிச்சு வைச்ச சைக்கிள் மணி இப்பவும் என்னட்டைத்தான் இருக்கு."

அம்மா சிரித்தார். நான் சிரித்தேன். "புட்டுக்குழலாம்! பேரைப் பாருங்கோவன்" என்றேன்.

அன்ரி சிரிக்கவில்லை. கையில் இருந்த பாத்திர மூடியை மெதுவாக மேசையில் வைத்தார். "தம்பி, திருப்பி வாசி" என்றார்.

நான் திருப்பி வாசித்தேன். இந்தமுறை மேடைக் குரல் வரவில்லை. அன்ரி சொன்னார்: "எங்கடை அம்மா எனக்கு வைச்ச பேர் சிரட்டை. அவனுக்குப் புட்டுக்குழல். நெடுவலா, மெலிஞ்சு, எந்த நேரமும் ஆவி பறக்கக் கோவம். வீட்டுக்கு வெளியிலை ஒருத்தருக்கும் தெரியாது." பிறகு, "எந்த வெள்ளி?" என்று கேட்டார்.

திகதியைப் பார்த்தேன். செய்தி வந்தது பதின்மூன்று நாளுக்கு முந்தின திங்கட்கிழமை. அவன் சொன்ன வெள்ளி நேற்று முன்தினம்.

அன்ரி எங்கள் வீட்டிலிருந்தே தொலைபேசி அட்டையைச் சுரண்டி எடுத்தார். மொடெத்தை நிறுத்திவிட்டு இலக்கங்களை நான்தான் அழுத்தினேன். லொட்ஜ் மனேஜர் எடுத்தார். பக்கத்தில் நின்ற எங்களுக்கும் அவர் குரல் கேட்டது. "அந்தப் பொடியனோ? வெள்ளிக்கிழமை பின்னேரம் வெளிக்கிட்டுப் போட்டார் அக்கா. எங்கையெண்டு சொல்லேல்லை. ஒவ்வொரு நாளும் வந்து, கனடாவிலை இருந்து கோல் வந்ததோ எண்டு கேட்டவர்." அன்ரி நன்றி சொல்லி வைத்தார். அப்பா அறைக்குள்ளிருந்து வந்து வாசல்நிலையில் நின்றுகொண்டிருந்தார். தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, நான் டொலர் கடையில் வாங்கிய மற்ற வயரையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

பிள்ளை, இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம். அந்த மூன்று வரியைத் தடுத்தவர் யார்? அங்கிள் சனிக்கிழமை அதை வெட்டியபோது வெள்ளிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அவர் ஏன் வெட்டினார்? தோசை, வெங்காயம், சட்னி என்று வந்த வரிசையில் புட்டுக்குழலும் வந்தால் யார்தான் வெட்டமாட்டார்கள்? அந்த வரிசையை உண்டாக்கியவன் நான். பிரதி என் மின்னஞ்சலில் கிடந்தது. அதைத் திறக்கும் வயர் அப்பாவின் பையில் கிடந்தது. எல்லாக் கதவும் திறந்திருந்து அது என் கண்ணில் பட்டிருந்தாலும் நான் சிரித்துவிட்டுத்தான் போயிருப்பேன். அதுதான் என்னை இன்றைக்கும் குத்துகிறது. அவன் ஏன் சொந்தப் பெயரில் எழுதவில்லை என்று நீ கேட்கலாம். வடக்குப் பொடியன் என்றாலே பொலிஸ் பிடிக்கும் கொழும்பில், லொட்ஜில் தங்கியிருக்கும் ஒருவன், உலகம் முழுக்கப் பார்க்கும் இடத்தில் தன் பெயரை எழுதுவானா? பொய்ப் பெயர் எனக்கு விளையாட்டு முகமூடி. அவனுக்கு அது தலைக்கவசம். இரண்டும் வெளியில் இருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். நான் நூலகத்தில் கனடாவின் உரிமைச் சாசனத்தைப் பிரதியெடுத்து, கருத்துச் சுதந்திரம் என்ற இடத்தில் மஞ்சள் மை பூசி, போருக்குப் போகிறவன் மாதிரிக் கொண்டு போனேன். எழுந்து வாசித்தேன். பாதிப் பேர் கைதட்டினார்கள். நடராசா அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்த விதத்திலேயே மிசிசாகாக் காவலர் காணாமல் போய், பழைய சட்டத்தரணி வந்துவிட்டார்.

"தம்பி, நீர் கொண்டு வந்த பேப்பரை ஒருக்கா வடிவா வாசியும். சாசனம் கட்டிறது அரசாங்கத்தின்ரை கையை. சங்கத்தின்ரை கையை இல்லை. நாளைக்கு ஒட்டாவா உம்மடை வாயைப் பொத்தினால் நீர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்பவும் நியாயமான கட்டுப்பாடு எண்டால் நீதிமன்றம் அதை விட்டிடும். இது எங்கடை சுவர். இதிலை ஆர் எழுதலாம் எண்டு நாங்கள் தீர்மானிக்கலாம்."

"அப்ப சட்டப்படி பிழை இல்லையோ அங்கிள்?"

"மருந்துக்கும் இல்லை."

"நியாயப்படி?"

"நியாயம் கதைக்கிறதெண்டால், முதலிலை உந்தத் தோசைத் துரை ஆரெண்டு சொல்லும். பிறகு கதைப்பம்."

மண்டபம் சிரித்தது. அங்கிள் சிரிக்கவில்லை; என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி என்று எனக்கு விளங்கியது, மஞ்சள் மை வீண். மறைத்தால் அவர் வென்றார், சொன்னாலும் அவர் வென்றார். ராணி அன்ரி மூன்றாம் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"நான்தான் அங்கிள்" என்றேன். "வெங்காயமும் நான்தான். சட்னியும்."

பிறகு நடந்ததை நான் எழுதினால் நாலு பக்கம் போதாது. "கொம்பியூட்டர் தம்பியோ இந்த வேலை பாத்தது!" என்றார் ஒருவர். "கெஸ்ட்புக்கையே இழுத்து மூடுங்கோ, ஒரு சனியனும் வேண்டாம்" என்றார் இன்னொருவர். அதற்குத்தான் கைதட்டல் கூடுதலாக விழுந்தது. தலைவர் மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "தம்பி, உண்மையா நான் அவ்வளவு மோசமாப் பாடினனானோ?" "குரல் நல்லது அங்கிள். நீளம்தான்" என்றேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு முன்னால் என் மூன்று பொய்ப் பெயர்களும் சின்னதாகிப் போயின. அவரிடம் நான் கேட்ட மன்னிப்பு விளையாட்டு இல்லை. இதிலும் ஒருதடவை கேட்கிறேன். ஆனால் கெஸ்ட்புக்கை மூடும் யோசனையை முன்மொழிந்து விட்டார்கள். மூடினால், எங்கேயோ போய்விட்ட புட்டுக்குழல் திரும்பி வந்து தட்டுவதற்குக் கதவே இராது. அவனுக்குத் தெரிந்த ஒரே முகவரி அதுதான்.

அப்போது ராணி அன்ரி எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

"நடராசா அண்ணை, நீங்கள் வெட்டினதுக்கு நான் கோவிக்கேல்லை. வேலையாலை வந்து கண் எரிய எரிய இருந்து வாசிச்சிருப்பியள். ஆனா வெட்டினதை எனக்கு ஏன் காட்டேல்லை?"

"அது உங்களுக்கு வந்ததெண்டு எனக்கு எப்பிடித் தெரியும் தங்கச்சி?"

"அதைத்தான் நானும் சொல்லுறன். உங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

பிள்ளை, சாசனத்தில் மஞ்சள் மை பூசிக்கொண்டு போன நான் தேடிய வசனம் அதுதான். அது நூலகத்தில் இருக்கவில்லை. தணிக்கை செய்கிறவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. நல்ல படிப்பும் நல்ல மனமும் உள்ள ஒருவர், தனக்கு விளங்காததைக் குப்பை என்று நினைத்து எறிகிறார். அது யாருடைய உயிர் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் இலேசில் விடுகிறவர் அல்ல. "சரி. நாளைக்கு ஆரும் ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை பேரை எழுதிக் கண்டபடி கேவலமா எழுதினால்? அதையும் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு இருக்கட்டோ?" என்று கேட்டார். எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன்.

"எடுங்கோ அங்கிள். அதை எடுக்கத்தான் வேணும். ஆனா வந்தது முதலிலை ஏறட்டும், பிறகு எடுங்கோ. எடுத்த இடத்திலை, எடுத்தது ஆர், ஏன் எண்டு எழுதிவிடுங்கோ. என்ரையோ எண்டு ஆரும் வந்து கேட்டால் அவைக்கு வாசிச்சுக் காட்டுங்கோ."

"அதென்ன ஞாயம்? எழுதிறவன் கள்ளப் பேரிலை எழுதுவான், எடுக்கிற நான் சொந்தப் பேரிலை கையெழுத்து வைக்கவோ?"

"ஓம் அங்கிள். எழுதிறவருக்கு உயிர்ப்பயம் இருக்கலாம். எடுக்கிறவருக்கு என்ன பயம்?"

பின்வரிசையிலிருந்து, சங்கத்தில் ஒருநாளும் வாய் திறக்காத ஒருவர் கையை உயர்த்தினார். எங்கள் அப்பா. "ஆமோதிக்கிறன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் இணையப் பக்கத்தின் கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதி மேசையில் வைத்தேன். அதிலிருந்த துவாரத்தையும் சொல்லிக் கொடுத்தேன். சாவி என்னிடம் இருக்கவேண்டாம், கதவு மட்டும் திறந்திருக்கட்டும் என்றேன். கெஸ்ட்புக் நான்கு வாக்கால் பிழைத்தது. விதியை நடராசா அங்கிளே எழுதினார், உபபிரிவுகளுடன், ஊரில் வழக்கு எழுதிய அதே இறுக்கத்தில். அதன் தலைப்பு: வெட்டுகிறவர் கையெழுத்திடவும். அதோடு சேர்த்துத்தான் எனக்கு இந்த மன்னிப்புக் கடிதத் தண்டனையையும் நிறைவேற்றினார். தீர்மானத்தில் ஓட்டை விட்டது தவறியா தெரிந்தா என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

அன்றே அன்ரி ஒரு செய்தி போட்டார். தன் பெயரைப் போடவில்லை. "புட்டுக்குழலுக்கு, சிரட்டை எழுதுறன். உனக்குக் கோல் எடுக்கப் பிந்திப்போச்சு. மணி என்ரை. கொண்டு வந்து தா." பிறகு காத்திருந்தோம். ஒரு கிழமை, இரண்டு கிழமை. சாவி போய்விட்டதால் நானும் இப்போது மற்றவர்களைப் போல வெளியில் நின்றுதான் பார்க்கவேண்டும். அப்பா பின்னேரம் வேலையால் வந்ததும், "ஒருக்கா அந்த வயரைப் போட்டுப் பார்" என்பார். அவர் இதைச் சொல்லும்போது மட்டும் எங்கள் தொலைபேசி யாருக்கும் ஓயாமல் கதைத்துக்கொண்டிருக்கலாம்.

ஐந்தாம் கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை கெஸ்ட்புக்கில் ஒன்று ஏறியது. பெயர் இல்லை. ஊர் இல்லை. முகமன் இல்லை. மொத்தச் செய்தியே இரண்டு சொல்: "கிணிங் கிணிங்."

நான் அதைப் பார்க்கவில்லை, சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர் நடராசா அங்கிள். இப்போது அவர் சனிக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. வேலைத்தலத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரவேற்பு மேசைக் கொம்பியூட்டரில் ஒருதடவை பார்ப்பார். பழைய விதி இருந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். பெயரில்லாதது, அர்த்தமில்லாதது, பொடியன்களின் சேட்டை என்று சத்தியம் பண்ணலாம். அங்கிள் வெட்டவில்லை. நான்கு மணிக்கு வேலை முடிந்ததும், அந்தக் கறுப்புக் கோட்டோடேயே இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறி, அச்சடித்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் கட்டடத்தின் எட்டாம் மாடிக்கு வந்து கதவைத் தட்டினார். அன்ரி திறந்தார். படிக்கட்டால் இறங்கிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றேன்.

"தங்கச்சி, எனக்கு இது விளங்கேல்லை" என்றார் அங்கிள். "அதாலைதான் கொண்டு வந்தனான்."

அன்ரி தாளை வாங்கிப் பார்த்தார். ஒருதடவைதான் பார்த்தார். "என்ரை மணி" என்றார். "இருக்கிறான். அடிச்சுக் காட்டுறான்." அடுத்தநாள் ஒரு நம்பர் வந்தது, அது வேறு கதை, அதைச் சொல்லவேண்டியது அன்ரியும் அவனும்.

நீ இதை வாசிக்கும்போது இன்ரநெற் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மொடெத்தின் கீச்சுச் சத்தம் இராது, வயரும் இராமல் போகலாம். கைகள் இருக்கும். அரசாங்கத்தின் கை, கொம்பனியின் கை, பள்ளிக்கூடத்தின் கை, என் கை. எல்லாக் கையும் கெட்ட கை என்று நான் சொல்லவில்லை. சிலதை எடுக்கத்தான் வேண்டும், சட்டமும் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் சட்டப்படி சரி என்று ஒருவர் சொன்னதும் நீ எழும்பிப் போய்விடாதே. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேள்: எடுத்தது ஆர்? ஏன்? எடுத்ததைக் காட்டு. அதைச் சொல்லக் கூச்சப்படுகிற கை எதற்காகவும் நீட்டப்படக்கூடாது. நீயும் பகிடி விடு, தாராளமாக விடு, என் பிள்ளை விடாமல் இருந்தால்தான் எனக்குக் கவலை. உன் பகிடிக்குப் பக்கத்தில் யாராவது உண்மையாகக் கத்திக்கொண்டிருக்கிறார்களா என்று மட்டும் ஒருதடவை பார்த்துக்கொள்.

ஒருநாள் நான் உன் வயரைப் பிடுங்குவேன். அப்போது அதற்கு என்ன பெயரோ தெரியாது, ஆனால் பிடுங்குவேன், அப்பாவின் பிள்ளைதானே. அன்றைக்கு என்னோடு சண்டை பிடிக்காதே. இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வை. ஒரு பேனையும் வை. கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், பிடுங்கியவர் கையெழுத்திட. நான் இடமாட்டேன் என்று முறைத்தால், ஒன்றும் பேசாமல் மணியை மட்டும் அடித்துக் காட்டு. எனக்கு விளங்கும்.

கிணிங் கிணிங்.

இப்படிக்கு,
உன் அப்பா (ஆகப்போகிறவர்)

பிடுங்கியவர்: ..............................
காரணம்: ..............................